குறி போட்ட பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

வெளிநாட்டிலிருந்து தம்பி வருகிறானாம். பதினாலாம் தேதி, சனிக்கிழமை. ஆறு வருஷம் கழித்து.

அம்மா என்னைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "பெரிய பெட்டி நிறைய சாமானாம்டி!" என்றாள். தெருவுக்கே சொல்லி முடித்தாயிற்று என்பது பக்கத்து மாடியிலிருந்து வாத்தியார் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. ரிட்டயர் ஆனவர், வேறு வேலை இல்லை. வழக்கமான ஜோக்கை எடுத்து விட்டார். "வீட்லயே ஒருத்தி கஸ்டம்ஸ். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா?" அம்மா விடுவாளா? "என் பொண்ணு நக்கியிருந்தா இந்த வீட்டுக்கு எப்பவோ வெள்ளை அடிச்சிருப்போம் சார்!" எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது அம்மா கேட்கிறாள்: "ஏண்டி, நீ அங்க என்னதான் பண்றே?" பதினேழு வருஷ சர்வீசுக்கு அப்புறம் வந்த கேள்வி! தட்டையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். விமானத்திலிருந்து இறங்கும் பெட்டி, ஆட்கள் கைக்குப் போகும் முன் என் எக்ஸ்ரே திரை வழியாகப் போகும். சந்தேகம் வந்தால் நான் "போடு" என்பேன். பெல்ட் ஓரத்தில் நிற்கும் லோடர் சாக்பீஸால் பெட்டி மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார். (அவருக்குப் பெயரே சாக்பீஸ் என்றாகிவிட்டது. அவர் பேண்ட்டில் எப்போதும் வெள்ளைக் கை ரேகை.) வாசலில் நிற்கிற அதிகாரி அந்தக் குறியைப் பார்த்துப் பிடித்துத் திறப்பார். பெட்டி யாருடையது என்று எனக்குத் தெரியாது. குறி போடச் சொன்னது யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

"அப்ப உன் தம்பி பெட்டியும் உன் முன்னாடிதான் வருமா?"

வரும் என்றேன். "அப்ப சரி" என்றாள். என்ன சரியோ.

மார்ச் 6, வெள்ளி

மேலதிகாரி கூட்டம் போட்டார். போன மாதம் எங்கள் ஆள் ஒருவன் மச்சான் பெட்டியைக் கண்டும் காணாமல் விட்டு, இப்போது சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அதைத்தான் சுற்றிச் சுற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் பதினாலாம் தேதி தம்பி வருகிறான், லீவு வேண்டும் என்று கேட்டேன். ஆள் இல்லை என்றார். "உங்க மேல யாராவது சந்தேகப்படுவாங்களாம்மா?" என்று சிரித்தார். நல்ல பெயர் வாங்கினால் இப்படித்தான், லீவு கிடைக்காது.

மார்ச் 9, திங்கள்

தம்பி போன். மறுபடி புது நம்பர்.

"அன்னைக்கு உனக்கு டூட்டியாக்கா?"

"ஆமாடா."

"எல்லாப் பெட்டியையும் திறப்பாங்களா?"

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மாவா! ஆறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சும்மா கேட்கிறவர்களைப் பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். என்னடா கொண்டு வருகிறாய் என்றேன். "வீட்டுச் சாமான்தான்" என்று இழுத்தான். போனை வைக்கும் முன் மெதுவாகச் சொன்னான்: "நீ அங்க இருந்தா எனக்குத் தைரியம்க்கா."

அவன் சாதாரணமாகவே சொல்லியிருக்கலாம். அக்காவாகக் கேட்டேனா, கஸ்டம்ஸ்காரியாகக் கேட்டேனா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 10

'தப்பா எதையும் கொண்டு வராதே' என்று மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

அம்மா பரணைக் காலி செய்துவிட்டாள், சாமான் வைக்க. இந்த வயதில் நாற்காலி மேல் ஏறி! கத்தினேன். "நீ கத்து. என் புள்ள வர்றான்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்தத் தடவை அவனுக்குப் பெண் பார்த்து முடித்துவிட வேண்டுமாம். "இனி எவனும் வெறும் பயன்னு சொல்ல முடியாது பாரு."

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதிய விமானம். பெல்ட்டில் பாதிப் பெட்டிகள் போயிருக்கும். பிறகு அது வந்தது. பார்த்ததும் தெரிந்தது. அவன் கிளம்பும்போது நான் வாங்கிக் கொடுத்த பெட்டி. கைப்பிடியில் என் பழைய துப்பட்டாக் கிழிசல், அடையாளத்துக்கு நானே கட்டியது. ஒரு சக்கரத்தைக் காணோம்.

திரையைப் பார்த்தேன். மிக்ஸி இல்லை, பாத்திரம் இல்லை. ஒரே அளவில் கட்டுக் கட்டாக, அடுக்கடுக்காக, மூலை வரை நிறைத்துக் காகிதம். இப்படி அடுக்கி வந்து இதுவரை நான் பிடித்ததெல்லாம் நோட்டுக் கட்டுதான்.

பெல்ட்டை நிறுத்தினேன். சாக்பீஸ் திரும்பிப் பார்த்தார். "போடவா மேடம்?"

பாவி, எவன் பணத்தையோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதற்குத்தான் டூட்டியா டூட்டியா என்று கேட்டிருக்கிறான். என்னை வைத்துத்தானே தைரியம்! கோபம், அப்படி ஒரு கோபம். பயமும். இன்றைக்கு விட்டால் அவனை இன்னொரு தடவை அனுப்புவார்கள். நானும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"போடு" என்றேன்.

போட்டார். பெட்டி போய்விட்டது.

கடைசிப் பெட்டி போனதும் எழுந்து வெளியே ஓடினேன். மேஜை மேல் பெட்டி திறந்து கிடந்தது. வாசல் அதிகாரி கட்டுக் கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பழைய நியூஸ் பேப்பர். சணல் போட்டுக் கட்டிய பழைய நியூஸ் பேப்பர். எல்லாம் அதேதான். நடுவில் கம்பெனி சட்டை இரண்டு, ஒரு சோப்பு, அம்மாவுக்கு ஒரு சாக்லேட் டப்பா. அவ்வளவுதான்.

"என்னய்யா இது? பேப்பர் கடை வைக்கப் போறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி நரைத்துப் போயிருந்தான். முப்பத்தெட்டு வயதுதான். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. "பெட்டி காலியா இருந்தா நசுங்கிடும் சார், அதான்" என்றான். அப்போது என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தெரியாதவளைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு டப்பாவையும் சட்டைகளையும் உள்ளே போட்டான். பேப்பரை அங்கேயே விட்டுவிட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அது கையில் ஆடிக்கொண்டே போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து மேஜை தெரியாது, வெளியே வருகிற ஆளும் பெட்டியும்தான் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா தூங்கப் போன பிறகு மொட்டை மாடியில் பேசினான். ஒன்றரை வருஷமாகச் சம்பளம் இல்லை. கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். டிக்கெட்கூட யாரோ சேர்ந்து எடுத்துக் கொடுத்ததுதான்.

"ஆறு வருஷம் கழிச்சு வெறும் பெட்டியோட வந்து நின்னா அம்மா எப்படிக்கா தாங்கும்? கனமா ஒரு பெட்டியோட வாசல்ல இறங்கணும். தெரு பாக்கணும். அப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா!"

"எப்படிச் சொல்றது? அதான் டூட்டியான்னு கேட்டேன். நீ இருந்தா திறக்க விட மாட்டேன்னு."

மன்னிச்சுக்கடா என்றேன். விடுக்கா, உன் வேலை என்றான். அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட நன்றாக அழுதிருப்பேன்.

அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"கஸ்டம்ஸ்ல எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

மார்ச் 18, புதன்

அம்மா என்னோடு பேசுவதில்லை. என்னைத் தவிர எல்லோரோடும் பேசுகிறாள், எனக்குக் கேட்கும்படி. "கட்டையில போறவங்க. ஆறு வருஷ உழைப்பு! கூடப் பொறந்தவ உள்ளயே உக்காந்திருந்தாளே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். தம்பியைப் பாவம் பாவம் என்கிறார்கள். வெறுங்கையோடு வந்தவன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் நினைத்தது ஒரு வகையில் நடந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

வாத்தியார் பேப்பரும் பேனாவுமாக வந்துவிட்டார். சாமானைத் திருப்பிக் கேட்டு அம்மா பெயரில் மனு. என்னென்ன இருந்தது, ஒன்று விடாமல் சொல்லப்பா என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். ஆரம்பித்தான். முதலில் திக்கித் திக்கி, மிக்ஸி ஒண்ணு என்றான். அப்புறம் அம்மாவுக்குப் புடவை.

"என்ன கலர்டா?"

"கிளிப்பச்சைம்மா. மெல்லிசா மஞ்சள் பார்டர்."

"ஐயோ!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அவனுக்கு வேகம் வந்துவிட்டது. முழங்கால் வலிக்கு வைத்துக்கொள்ள ஒரு மெஷின். அக்காவுக்கு வாட்ச், சின்ன டயல், அவளுக்குப் பெரிசு பிடிக்காது. வரப்போகிறவளுக்கு என்று ஒரு செயின். சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு கடைக்குள் நிற்கிறவன் மாதிரி இருந்தான். அங்கே இத்தனை வருஷமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது எல்லாவற்றையும் இப்போதுதான் வாங்குகிறான் போல.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 23, திங்கள்

வேலை முடிந்து புடவைக் கடைக்குப் போனேன். கிளிப்பச்சை இருந்தது, மஞ்சள் பார்டரும் இருந்தது. வாங்கிப் போய், விட்டுட்டாங்கம்மா என்று கொடுத்துவிடலாமா? அடுத்த நிமிஷம் மிக்ஸி எங்கே என்பாள். வைத்துவிட்டு வந்துவிட்டேன். கடைக்காரன் முணுமுணுத்தான்.

மார்ச் 24, செவ்வாய்

நாளைக் காலை அம்மா ஆபீசுக்கே வருகிறாளாம். வாத்தியார் துணை. நல்ல புடவையை எடுத்து மடித்து வைத்திருக்கிறாள்.

வந்தால் என்ன நடக்கும்? எங்கள் மேலதிகாரி நல்ல மனுஷன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ரிஜிஸ்டரை எடுக்கச் சொல்லி, "உங்க பையன் பெட்டியில பழைய பேப்பர்தாம்மா இருந்துச்சு, எதையும் எடுக்கலையே" என்பார். வாத்தியார் பக்கத்திலேயே நிற்பார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவும்.

அம்மாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அங்கெல்லாம் விட மாட்டார்கள், நானே கேட்டுச் சொல்கிறேன், மாதக்கணக்கில் ஆகும். எதுவும் எடுபடவில்லை. "நீ கேட்ட லட்சணம்தான் தெரியுதே."

தம்பி கிணற்றில் போட்ட கல் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொல்லிடலாம்டா, பெத்தவதானே என்றேன். தலையை ஆட்டினான். "வேணாம்க்கா. அம்மா முன்னாடி மட்டும் வேணாம்." சின்ன வயதில் பரீட்சையில் பெயிலானபோதும் இதையேதான் சொன்னான்.

என்னதான் பண்றது நான்? யாரைக் கேக்கறது?

மார்ச் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

அம்மா நல்ல புடவை கட்டி, மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். வாத்தியார் வெளியே வண்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஏறிவிட்டால் அப்புறம் தடுக்க முடியாது. வாய் தானாகச் சொல்லிற்று:

"ஆபீஸ்ல இல்லம்மா. ஆபீஸ் எடுக்கல. நான்தான் எடுத்துக்கிட்டேன்."

"என்னது?"

"நானும் கூட இருக்கறவங்களும். பிரிச்சு எடுத்துக்கிட்டோம். வித்தாச்சு. இப்பப் போய்க் கேட்டா எனக்கு வேலை போயிடும்."

நம்ப மாட்டாள் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போல. போடி பைத்தியம், நீயாவது எடுக்கிறதாவது என்பாள், அப்புறம் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லை. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள்.

"வாத்தியார் சொல்லும்போதெல்லாம் அவர் வாயை அடைச்சேனே" என்றாள். "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா... தம்பி தேனுமா தேவைப்பட்டுச்சு?"

தம்பி உள்ளே கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். எல்லாம் கேட்டது அவனுக்கு. அவனைப் பார்த்தேன். வெளியே வருவான் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நினைத்தேன். உள்ளே போய்விட்டான்.

வண்டியைத் திருப்பி அனுப்பியாயிற்று.

மார்ச் 26

எங்கம்மா ஒரு வார்த்தை சந்தேகப்படலையே. ஒரு வார்த்தை.

ஏப்ரல் 2, வியாழன்

நேற்று பெல்ட்டில் ஒரு பெட்டி. காகிதக் கட்டு மாதிரி இருந்தது. பெல்ட்டை நிறுத்திவிட்டு விரலைப் பட்டனிலேயே வைத்திருந்தேன். "போடவா மேடம்? ... மேடம்?" சாக்பீஸ் இரண்டு தடவை கேட்டார். போடு என்றேன். பள்ளிக்கூடப் புத்தகங்களாம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா மேடம்?" என்றார். சௌக்கியம் என்றேன்.

ஏப்ரல் 11, சனி

வாத்தியார் இப்போது அந்த ஜோக்கைச் சொல்வதில்லை. என்னைக் கண்டால் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார்.

குளிக்கப் போகும் முன் அம்மா பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறாள். அதில் என்ன இருக்கிறது? அப்பாவின் சட்டை இரண்டு, பழைய கரண்ட் பில். இந்த வீட்டில் அதற்குப் பூட்டு உண்டு என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

தம்பிக்கு வேறொரு ஏஜென்ட் கிடைத்துவிட்டான். அடுத்த வாரம் கிளம்புகிறான். வேறு நாடு, அதே வேலை. சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள், நான் அங்கேயே உட்கார்ந்திருக்க:

"இந்தத் தடவை திரும்பி வர்றப்ப, இவ டூட்டியில இல்லாத நாளாப் பாத்து வாடா."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சரிம்மா" என்றான்.

நாளை எனக்குக் காலை ஷிப்ட்.