அப்பாவின் மலைப் பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ பேசுகிற வேகத்துக்கு நான் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன், வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. பிழை இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள், நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கால் வீக்கத்துக்குப் போட்ட லீவு முடிந்து போனதும் ஓட்டல் சலவைக்கூடத்தில் எனக்குப் பழைய இடமே கொடுத்துவிட்டார்கள், விரிப்பு மடிக்கிற மேஜை. வீட்டில் அப்பா படுக்கிற பக்கம் சும்மா கிடக்கிறதே என்று துவைத்த துணியை அங்கேயே மடித்து அடுக்குகிறேன், அலமாரி வரைக்கும் நடக்க வேண்டியதில்லை. உன் அத்தை வந்திருந்தாள். எங்க அண்ணன் போய் இத்தனை மாசமாச்சு, நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பாக்கலையே அண்ணி என்றாள். எங்க நீராவியில யார் முகம் காஞ்சிருக்கு, நீ அங்க வந்து பாரு என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ அனுப்பிய மலைப் பயணத் திட்டத்தை மாடி வீட்டு நர்ஸ் எனக்குப் படித்துக் காட்டினாள். எங்கே கூடாரம் போடுவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, எந்த ஏற்றம் கஷ்டம் எல்லாம் நன்றாகத்தான் யோசித்திருக்கிறாய், அப்பா மாதிரியே. பாதி வழியில் புகை வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்பது மட்டும் அதில் இல்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன், அப்போதும் இல்லை. அவள் தன் போனில் அந்த மலையின் வரைபடத்தை எடுத்துக் காட்டினாள், காடு எரிகிற இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. நீ சொன்ன மாதிரி அது மறுபக்கச் சரிவில்தான் இருக்கிறது. அடுத்த நாளும் காட்டினாள், சிவப்பு கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. நீ வாங்கியிருக்கிற வழவழப்புச் சட்டையெல்லாம் இஸ்திரிப் பெட்டி சூட்டுக்கே சுருங்கி ஒட்டிக்கொள்கிற துணி, காட்டுக்குப் போனால் பருத்தி போட்டுக்கொள்.

அப்பாவின் பையை அனுப்பச் சொன்னாய், பரணிலிருந்து இறக்கினேன். பெரிய ஜிப்பில் பல் போயிருக்கிறது, ஒரு தோள் வாரில் தையல் விட்டிருக்கிறது. மார்க்கெட் பக்கத்தில் பை தைக்கிறவர், ஊரே ஜிப்பு என்று கூப்பிடுமே, அவரிடம் கொண்டுபோனேன். என்னக்கா, அண்ணன் விட்ட மலையை நீங்க ஏறப் போறீங்களா என்று சிரித்தார். எனக்கு மாடிப்படியே மலைதான் தம்பி, மக போறா என்றேன். தீ எரியுதுன்னு டிவியில காட்டுறானே, அந்த மலைக்கா என்றார். ஆமாம் என்றேன். சிரிப்பை விட்டுவிட்டு ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா, அப்பா பார்க்காமல் போன ஏரியை அவர் பையோடு போய்ப் பார்க்கணும், அவருக்காகத்தான் போகிறேன் என்கிறாய். நீ காலேஜில் படிக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் இதே மலைக்குப் போனீர்கள். கடைசி ஏற்றம் மட்டும் பாக்கி இருக்கும்போது எதிர் மலையில் புகையைப் பார்த்து அப்பா உன்னையும் இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். கூட வந்த கூட்டம் மேலே போய் ஏரியில் கால் நனைத்து, படம் எடுத்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது, அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாயாம். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. கோவமா இருக்கா, ஆனா வீட்ல இருக்கா, நீ சாப்பாட்டை எடுத்து வை என்றார். அவ்வளவுதான், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த ஏரி அவருக்கு ஒரு குறையாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உனக்கு இருக்கலாம். அப்படியானால் உனக்காகப் போ, அவர் பேரைச் சொல்லாதே. புகையைப் பார்த்துத் திரும்பின மனுஷனின் பையைப் புகைக்குள்ளே தூக்கிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செவ்வாய்க்கிழமையே முடித்துத் தருகிறேன் என்றார் ஜிப்பு. அவசரமில்லை தம்பி, நல்ல மழை ரெண்டு பெய்யட்டும், அப்புறம் வந்து வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். போக மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கு என்று அத்தை சொன்னாள், அதுவும் செய்ய மாட்டேன். நீ அங்கேயே புதுப் பை வாங்கிக்கொண்டு கிளம்பலாம், உன் கால், உன் முடிவு. கிளம்பினால் மலை அடிவாரத்தில் இருக்கிற வனக்காவலரிடம், மேலே போகலாமா என்று கேட்காதே. உங்க பொண்ணா இருந்தா இன்னைக்கு விடுவீங்களா என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஒருத்தரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மறுவாரமே வேலைக்குப் போனவள், இவள் எதையும் தாங்குவாள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நீயும் அப்படி நினைத்துவிடாதே. பை விஷயத்தில் கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, எவ்வளவு நேரம் திட்டினாலும் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா