கம்பளத்துக்குள் வியர்த்த கொற்றவர் வடகரைக்கு விடுத்த ஓலை

மங்கலம் பெருகுக. ஏரி நிறைக, கரை நிலைக்க, கரைமேல் நிற்போர் கால் வழுக்காதிருக்க.

நெடுமடை நாட்டின் தனிக்கோல் வேந்தரும், பனிக்கு அஞ்சாப் பெருமாளும், மாரியை வாசலில் காக்கவைத்தவரும், மூவடுக்குக் கம்பளத்தின் முழு உரிமையாளருமாகிய ஸ்ரீ மருதவேள் கொற்றவரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் மைத்துனரும் வடகரை நாட்டின் கோவுமாகிய ஸ்ரீ கண்டீரக்கோவின் சமுகத்துக்கு ஓலைநாயகம் எழுதி விடுக்கும் திருமுகம். மேற்சொன்ன பட்டங்கள் யாவும் ஐப்பசி முதல் நாள் தொடங்கிப் பரிசீலனையில் உள்ளன என்பதையும் இங்கேயே தெரிவித்துவிடலாயிற்று.

அங்கே அரசரும் அரசியும் பட்டத்து யானையும் நலமென நம்புகிறோம். இங்கும் நலமே. யானை மட்டும் யாரோடும் பேசாமல் இருக்கிறது. காரணம் பின்னே வரும்.

இரு நாட்டுக்கும் நடுவே கிடக்கும் பேரேரியின் தென்மதகு நம்முடையது, வடமதகு தங்களுடையது. ஐப்பசி முதல் நாள் நம் கொற்றவரும், கார்த்திகை முதல் நாள் தாங்களும் மாரிக்குளிருக்கெனக் கம்பளம் போர்த்தி யானைமேல் எழுந்தருளி, வரப்போகும் மழைக்கு இடம் விடவேண்டி, எஞ்சிய நீரை மதகு திறந்து கடலுக்கு அனுப்புவது முன்னோர் வகுத்த முறை. அவர்கள் காலத்தில் திறந்த மதகை மூடுவதற்குள் மழை வந்து நின்றதாம். இப்போதோ மழை தன் இஷ்டத்துக்கு மார்கழியில் வருகிறது. வந்ததும் ஒரு பருவத்து நீரை ஒரே மூச்சில் கொட்டிக் கரையை உடைத்துக்கொண்டு போகிறது. இடைப்பட்ட நாளில் நாற்றங்காலுக்கு விட ஏரியில் ஒரு குடம் நீர் இருப்பதில்லை. ஆயினும் கம்பளம் நாள் தவறியதில்லை.

இவ்வாண்டு ஐப்பசிக்கு முந்தின மாலை அரண்மனை முற்றத்தில் ஒரு தூறல் விழுந்தது. அரசவைக் கணியர் ஆதிச்சனார் விரித்த குடையோடே அவைக்குள் ஓடிவந்து, பருவம் ஒருபோதும் தவறவில்லை என்றும், தவறியது என்று சொன்னவர்களின் நாக்குதான் தவறியது என்றும் விண்ணப்பித்தார். கொற்றவரின் உள்ளம் குளிர்ந்தது. உடல் மட்டும் குளிரவில்லை.

மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடிக்க, புறப்பாடு தொடங்கிற்று. கம்பளத்துக்குள் கொற்றவரின் பிடரியில் ஒரு துளி பிறந்து, முதுகெலும்பு வழியே நிதானமாக இறங்கி, இடைக்கச்சையில் தங்கி, தன் சுற்றத்தாரை அழைத்துக்கொண்டது. அதைத் துடைக்க அரச மரபில் வழியில்லை. அரசர் கம்பளத்தில் இருக்கையில் அவையோர் நடுங்கவேண்டும் என்பது முறையாதலால், அமைச்சர் வாணதரையர் பற்களைக் கடகடவென்று அடித்துக் காட்டினார். இருப்பவை சிலவே ஆதலின் ஓசை போதாமற்போக, பக்கத்தில் வந்த தளபதி தம் பற்களையும் சேர்த்து உதவினார். புலவரொருவர் பனியைப் பாடத் தொடங்கி, வியர்வை கண்ணில் இறங்கியதால் பாதியில் நிறுத்தினார். சால்வை போர்த்தப்பட்ட யானை வழியில் கண்ட குட்டையை நோக்கித் திரும்பத் திரும்ப இழுத்தது; பாகன் விடவில்லை. அன்றுதொட்டு அது யாரோடும் பேசுவதில்லை.

கடைத்தெருவில் மோர் விற்கும் பெண்ணொருத்தி கலயத்தைத் தூக்கிக் காட்டி, "ராசா, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க. குளிருக்கு நல்லது!" என்றாள். தெருவே சிரித்தது. கொற்றவர் கேளாதவர்போல் இருந்தார். ஆனால் மதகு வரும்வரை அவர் திருவுள்ளத்தில் நாடும் இல்லை, கொடியும் இல்லை, அந்தக் கலயம் மட்டுமே இருந்தது.

மதகைத் திறப்பவரை மடையர் என்பது நம் நாட்டுப் பதவிப் பெயர். அன்று மதகண்டை பதவியால் மடையர் ஒருவர் நின்றார். பதவியின்றியே அவ்வாறு நின்றோரின் தொகை இவ்வோலையில் அடங்காது. கொற்றவர் வலக்கையை உயர்த்தினார். கை தாழ்ந்தால் மதகு திறக்கும். கீழே ஏரியில் கொக்கு முழங்கால் நனையாமல் நடந்துகொண்டிருந்தது. அப்பால் ஊராரின் நாற்றங்கால்கள் அந்தக் கொஞ்ச நீரை நம்பிப் பச்சையாய் நின்றன.

அப்போது யானைக்குப் பின்னே வந்த பல்லக்கின் திரை விலகிற்று. தங்கள் தமக்கையார் நல்லமங்கை மகாராணியாரின் பேச்சைப் பேசியபடியே பொறிக்கவேண்டும் என்பது அவர்தம் ஆணையாதலால், அப்படியே பொறிக்கப்படுகிறது.

"கொஞ்சம் பொறுங்க. அந்தக் கையை இறக்காதீங்க. நேத்துத் தூறிச்சு, அதனால பருவம் வந்துடுச்சுங்கிறாரே கணியர். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரெண்டே வார்த்தை பேசினீங்க. இவரு பரம சாதுன்னு என் தம்பி சத்தியம் பண்ணினான். அது வானிலை. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிப் பாத்தேனே, அதுதான் காலநிலை."

(சத்தியம் செய்தவர் தாங்களே என்பதைக் கொற்றவர் மறக்கவில்லை.)

நேற்று விழுந்தது மழையல்லவோ என்று கொற்றவர் வினவினார்.

"மழைதான். யாரு இல்லேன்னா? ஒரு சாயங்கால மழை. காலநிலை தெரியணும்னா மேல போத்தியிருக்கீங்களே, அதைக் கேளுங்க. உங்க பாட்டனார் காலத்துல அது நெசமாவே மூணடுக்கு. அவரு நெசமாவே நடுங்கினாரு. மாமனார் காலத்துல வேர்க்குதுன்னு அத்தை உள்ளடுக்கை உருவிட்டாங்க. நான் வந்தப்புறம் வருஷா வருஷம் பஞ்சைக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்தேன், உங்களுக்கே தெரியாம. இப்ப அது வெறும் மேல்துணி. அதுக்கே இந்த வேர்வை!"

கொற்றவர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிரித்த தையல்களின் தடம் தலைமுறை வாரியாக அங்கே இருந்தது. உயர்த்திய கையால் அவர் மதகைத் திறக்கவில்லை. கழுத்துக் கொக்கியைத் திறந்தார். கம்பளம் விழுந்தது. அரசர் காற்று வாங்குவதைக் குடிகள் முதன்முறை கண்டனர். மோர் வரவழைக்கப்பட்டது. மதகு மூடியே இருந்தது. நடுங்குவதை நிறுத்தும்படி தனி ஆணை வராததால் அமைச்சர் மட்டும் மாலைவரை நடுங்கினார்.

மறுநாள் ஒரு பாட்டம் மழை கொட்டிற்று. கணியர் மறுபடி குடையோடு ஓடிவந்தார், முகத்தில் வெற்றி. கொற்றவர் இருக்கையை விட்டு அசையவில்லை. "அது வானிலை, ஆதிச்சனாரே. குடையை வெளியே வையும், தரை நனைகிறது" என்றார். உச்சிப்பொழுதில் வானம் வெளுத்தது. அதன்பின் இன்றுவரை மேகமில்லை.

கம்பளமின்றி யோசிக்கையில் கொற்றவருக்கு இன்னொன்றும் விளங்கிற்று. யாரையும் வெட்டாத உடைவாள்களைப் போட்டிபோட்டு வார்க்க இரு நாடும் மலைக்காட்டைக் கரியாக்குகின்றன. அந்த உலைப்புகை மேலே போய் நாட்டின்மேல் அடுக்கடுக்காகப் படிந்துவிட்டது. கம்பளத்தில் ஓரடுக்கு குறையக் குறைய, நாடு ஓரடுக்கு போர்த்திக்கொண்டிருக்கிறது. மாமரம் தை பிறக்குமுன்னே பூக்கிறது. உப்புச் சுங்கச்சாவடிக்குள் கடல் நுழைந்து, அதிகாரி காலை மடக்கி முக்காலியில் அமர்ந்து மீன்களிடம் சுங்கம் கேட்கிறார். ஆகையால் நம் உலைகளில் பாதி இன்றே அவிக்கப்பட்டன. தளபதி மனந்தேறி வருகிறார்.

இத்துடன் கம்பளமும் வருகிறது. போர்த்திப் பார்க்கலாம், வியர்க்கும். ஒருநாள் வியர்வைதானே என்று தோன்றினால், ஓரத்துத் தையல் தடங்களை விரலால் தடவிப் பார்க்க. கார்த்திகை முதல் நாள் என்பதற்காக மட்டும் வடமதகைத் திறவாது, ஏரியையும் மேகத்தையும் பார்த்தே திறக்க. தாங்கள் திறந்தால் நாம் மூடி வைத்ததும் வடக்கே ஓடிவிடும். உலைகளிலும் பாதியை அவிக்க. இது கொற்றவர் வேண்டுகோள். ஒரு கோ மற்றொரு கோவுக்குக் கட்டளையிடுவது மரபன்று.

இதற்குச் சான்றாக மூடிய மதகு பொறித்த அரச முத்திரை இடப்பட்டது.

முத்திரைக்குக் கீழே மகாராணியார் கைப்பட:

தம்பி, மதகுல கை வெச்சே, நானே யானை ஏறி வந்துடுவேன். சால்வையைக் கழட்டிட்டதால அதுவும் இப்ப வேகமாத்தான் நடக்குது. இது கட்டளை. அக்கா.