கதலிப்பழம் பழகுதல்

யூன் 8, திங்கள்

விடியத் தொடங்கி கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள்.

நீர்வேலி மாமா, கல்யாணப் பெண் தர்சினியின் அப்பா, மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு சீப்புக் கதலி தந்துவிட்டுப் போனார். இது நாலாவது சீப்பு. பிழை என்னுடையதுதான். பெண் பார்க்கப் போன அன்று தன் வாழைத்தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, "தம்பிக்கு வாழைப்பழம் விருப்பமோ?" என்று கேட்டார். நாலு பக்கமும் குலை. என்ன சொல்ல? "அதெண்டால் எனக்கு உயிர், மாமா."

ஏழு வயதுக்குப் பிறகு ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. இப்போது முப்பத்தேழு. அப்போது வன்னியில் இடம்பெயர்ந்து இருந்தோம். எனக்கு மலேரியா. மருந்துக் குளிசை கைக்குது என்று துப்பித் துப்பி விட்டேன். அம்மா பழத்துக்குள் ஒளித்து வைத்து, "வெறும் பழம்தானடா, சத்தியமாய்" என்று ஊட்டினா. கடித்தேன். அந்தக் கைப்பு இன்னும் அடிநாக்கில்.

யூன் 10, புதன்

ஆஸ்பத்திரியில் சரியான சனம். மருந்து கொடுக்கிற யன்னலில் நின்று கால் உளைவு. ஒரு தாய் கேட்டா, "ஐயா, இந்தக் குளிசையைப் பழத்துக்கை வைச்சுக் குடுக்கலாமோ?" "குடுக்கப்படாது!" என்றேன். தேவைக்கு மேலே சத்தம். பாவம், பயந்துவிட்டா. பிறகு மெல்லச் சொன்னேன், தூளாக்கிச் சீனித்தண்ணியில் கரைக்கலாம், ஆனால் மருந்து என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கோ என்று.

மாமாவின் சீப்பு வேலையிடத்தில் பத்து நிமிடத்தில் காலி. "மாப்பிள்ளைப் பழம் திறம்!" என்றார்கள் கூட வேலை செய்பவர்கள்.

செய்ய: பட்டுவேட்டி. ஐயருக்குப் போன். தலைமயிர். பழம் பழக.

கடைசிதான் பிரச்சினை. தாலி கட்டியபின் பால்பழம். பாலில் பழம் பிசைந்து பெண் மூன்று தரம் ஊட்டுவாள். மாமாவின் தோட்டத்துப் பழம். மாமா முன்வரிசையில். சபையில் ஓங்காளித்தேனோ, மானம் போச்சு. அவருடையதும்தான்.

யூன் 13, சனி

ஒத்திகை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பழம், கொஞ்சம் பால். ஒரு கரண்டி. மூக்கைப் பொத்தியும் சரிவரவில்லை. ஓடிப்போய்த் துப்பினேன்.

அம்மா வந்துவிட்டா. "என்னடா, சத்தி எடுக்கிறியோ?"

சொன்னேன். இத்தனை வருடமும் எனக்குப் பழம் பிடிக்காது என்று மட்டும்தான் நினைத்திருந்தாவாம்.

"அந்தக் குளிசையாலையோ?" கதிரையில் இருந்துவிட்டா. "பக்கத்துக் கொட்டிலிலை ஒரு பிள்ளை காய்ச்சலிலை செத்துப்போச்சு. நீயும் துப்பிக்கொண்டே இருந்தாய். வேறை வழி தெரியேல்லையடா."

அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது. "கோவமில்லை அம்மா" என்றேன். சொன்னபோது முழு உண்மை இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் உண்மையாகிவிட்டது.

மீன்குழம்பு நல்ல உறைப்பு.

யூன் 19, வெள்ளி

கூறைச்சேலை எடுத்தாயிற்று. கடையில் மூன்று மணித்தியாலம். வரும் வழியில் தர்சினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முதலே பொய்யை அவிழ்ப்பது நல்லது.

விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீர் சிரிக்காதையும்."

"அப்பா ஊரெல்லாம் சொல்லிப்போட்டார், மருமகனுக்குப் பழம் எண்டால் உயிராம்!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப வெறும் பால் மட்டும் வைப்பமே? அப்பாவுக்கு நான் சொல்லிறன்."

"வேண்டாம். எனக்குச் சாப்பிட்டுப் பார்க்க ஆசையாய்க் கிடக்கு." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

"அப்ப என்னட்டை விடுங்கோ."

எதை அவளிடம் விடுவது என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

யூன் 25, வியாழன்

முடிந்தது. வேட்டிகூட இன்னும் மாற்றவில்லை, மறக்க முதல் எழுதுகிறேன்.

தாலி கட்டியாயிற்று. வெள்ளிக் கிண்ணம் வந்தது. பார்த்தால் கிண்ணத்தில் பால் மட்டும். பக்கத்தில் தோலோடு ஒரு கதலி.

தர்சினியின் மாமி பதறினா. "என்ன பிள்ளை, பழம் பிசையேல்லையோ?"

"நான்தான் வேண்டாமெண்டனான் மாமி."

தர்சினி தோலை உரித்தாள். பழத்தை இரண்டாக முறித்தாள். ஒவ்வொரு பாதியையும் நெடுக்காகப் பிளந்தாள். மருதோன்றிக் கையில் நாலு துண்டையும் விரித்து என் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"வடிவாய்ப் பாருங்கோ. உள்ளுக்கை ஒண்டும் இல்லை."

வீடியோக்காரர், "அண்ணை, இஞ்சாலை பாருங்கோ" என்றார். நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

முதல் துண்டைப் பாலில் தோய்த்து ஊட்டினாள். அப்படியே விழுங்கினேன். கண்ணில் தண்ணீர். மாமா முன்வரிசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், "பாத்தியளோ, பழத்தைக் கண்டதும் மருமகனுக்குக் கண் கலங்குது!"

இரண்டாவது. மணம்தான் இன்னும் பிடிக்கவில்லை. என்றாலும் உள்ளே தங்கிவிட்டது.

மூன்றாவதை மென்றேன். இனிப்பு. கதலிக்குள் மெல்லிய புளிப்பும் இருக்கிறது, யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சடங்கு அதோடு சரி. தர்சினி கையைத் துடைக்கப் போனாள். நாலாவது துண்டை நானே எடுத்தேன்.