குண்டனின் கூடையில் புதுக்குட்டி

மகா புத்திசாலித் தம்பிக்கு,

நேற்று நீ தூக்கிவந்த பூனைக்குட்டியைத் தேடாதே. என்னோடு தையல் கடைக்கு எடுத்துப் போகிறேன்.

நம் பூனை குண்டன் தொற்றுநோயில் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிருமி வீட்டில் நெடுநாள் இருக்கும், தடுப்பூசி போடாத குட்டியை உள்ளே விடாதீர்கள் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார். நீயும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினாய். இப்போது ஊசியே போடாத குட்டியைக் கொண்டுவந்து, குண்டன் கிடந்து செத்த கூடையிலேயே படுக்க வைக்கிறாய். கேட்டால், "வெயில்ல காய வெச்சேன்க்கா, சுத்தமாயிடுச்சு" என்கிறாய். உன் தலைக்குள் இருப்பது களிமண் என்றால் களிமண்ணுக்கே ரோஷம் வரும்.

போகிற வழியில் மருத்துவரிடம் காட்டுகிறேன். குட்டி பிழைத்தால் அது அதன் அதிர்ஷ்டம், உன் சாமர்த்தியம் இல்லை.

கூடையைக் குப்பையில் போட்டுவிட்டேன். போய்ப் பொறுக்கிக்கொண்டு வராதே. தரை முழுவதும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய். சோறு அடுப்பின்மேல் இருக்கிறது, தேய்த்த பிறகு தின்.

அக்கா

பி.கு.: ஊசியெல்லாம் போட்டு முடியும்வரை குட்டி கடையில்தான் இருக்கும். பார்க்க வருவதானால் கிழிந்த சட்டையைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு வராதே. குண்டன் செத்த அன்று கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றாயே, அந்த ஒரு பொய் போதும்.