ஒன்பது வரிகளும் உண்மை

என் அன்பு ஆரோக்கியம்,

நீ போய் ஆறு வருஷமாகிறது. உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டு யாரிடமும் பேசாமல் பஸ் ஏறியவன், இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் ஊர்ச் செய்தி. நம் மில்லை விற்றுவிட்டார்கள். நீடாமங்கலம் சாலையில் நீயும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோமே, அதே அரிசி மில்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கியிருக்கிறது.

வந்தவர்கள் ஆபீஸில் இருக்கும் ஏழு பேரையும் கூப்பிட்டார்கள். "எல்லாரும் பயோடேட்டா எழுதி மெயில்ல அனுப்புங்க. பார்த்துட்டு யாரை வச்சுக்கிறதுன்னு சொல்றோம்" என்றார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. பயோடேட்டா என்று ஒன்றை நான் எழுதியதே இல்லை. என் மகள் பர்வீன்தான் போனில் எப்படித் தேடுவது என்று காட்டிக் கொடுத்தாள்.

ஐம்பது வயதுக்கு மேல் வேலை என்று தமிழிலேயே தட்டினேன். வந்து கொட்டியது. மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, வேலையில் அடுத்த படிக்கு எப்படிப் போவது, வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிப்பது, எல்லாம் தமிழில் இருக்கிறதடா. நீ டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பிரித்துப் படித்ததெல்லாம் இப்போது கேட்பாரில்லாமல் கிடக்கிறது. நாலாவதோ ஐந்தாவதோ கட்டுரையில் அந்த வாக்கியம் இருந்தது. நீங்கள் செய்த வேலைகளைப் பட்டியலிட்டு முதலாளியிடம் கொடுங்கள் என்று. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கு எழுந்து போய்விட்டேன்.

உன் அக்கா மகளுக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்க மன்னார்குடி பிரவுசிங் சென்டருக்குப் போனாயே, அன்றைக்குத்தான் அந்த மாதிரிக் கட்டுரை ஒன்று முதன்முதலாக உன் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கேதான் போவாய். கூத்தாநல்லூரிலிருந்து நானும் வந்துவிடுவேன். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. நீ படிப்பாய், நான் பக்கத்து நாற்காலியில் டீ குடிப்பேன். பிடித்ததைப் பிரின்ட் எடுத்து, வரிகளுக்கு நடுவே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதுவாய்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் குடோன் நிழலில் உட்கார்ந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாய். ஐந்து வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டுரை கேட்டது. "இதே மூட்டை மேலதான்" என்று லோடுமேன்கள் சிரித்தார்கள். தவிடு அள்ளும் செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் தம்பி, நம்ம முதலாளியும் இதையெல்லாம் படிப்பாரா?" என்று கேட்டார்.

"படிப்பாருக்கா. படிக்காம இருப்பாரா?" என்றாய். நிஜமாகவே அப்படி நம்பினாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

சூப்பர்வைசர் இடம் காலியானபோது, கட்டுரைகளில் சொன்னபடியே நீ செய்த வேலைகளைப் பட்டியலாக எழுதினாய். மூன்று ஞாயிறு உட்கார்ந்து நீயே டைப் அடித்தாய். ஒன்பது வரி. ஒவ்வொரு வரியையும் என்னிடம் வாசித்து, "இது மிகையா இருக்கா, சொல்லு" என்று கேட்டாய். ஈரம் பார்க்கும் முறையை மாற்றியது, லாரிகள் காத்துக் கிடக்காமல் டோக்கன் போட்டது, எடை போட இரண்டு பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று போனது. கடைசி வரி வெள்ளம் வந்த வருஷத்தைப் பற்றியது.

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலாளி சென்னையில் இருந்தார். மேனேஜரான அவருடைய மைத்துனர், மழை விட்டுவிடும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நீதான் சைக்கிளில் வெண்ணாற்றங்கரைக்குப் போய், ஆற்றைக் காவல் காக்கும் லஸ்கரிடம் விசாரித்து வந்தாய். "கரை தாங்காதாம்டா. பள்ளத்து குடோன்ல ஒரு மூட்டை இருக்கக் கூடாது" என்றாய். யாரையும் கேட்காமல் ஆட்களைக் கூட்டி, அன்று பொழுது சாய்வதற்குள் நெல் முழுவதையும் மேட்டு குடோனுக்கு ஏற்றினாய். நானும் உன்கூடத் தூக்கினேன். மறுநாள் பள்ளத்து குடோனில் இடுப்பளவு தண்ணீர். ஊர் திரும்பிய முதலாளியிடம் மைத்துனர், தான் சொல்லித்தான் ஏற்றினார்கள் என்று சொல்லிக்கொண்டார். நீ அப்போது ஒன்றும் பேசவில்லை. பட்டியலில்தான் எழுதினாய்.

முதலாளி அறையில் உனக்கும் அவருக்கும் நடந்தது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "என்ன ஆரோக்கியம், கலெக்டருக்கு மனு குடுக்கிற மாதிரி குடுத்திருக்க?"

"மனு இல்லீங்க முதலாளி. நான் செஞ்ச வேலைங்க. சூப்பர்வைசர் வேலைக்கு என்னையும் பார்க்கணும்னு கேட்டிருக்கேன்."

"மூட்டைய மாத்தினது உன் யோசனைன்னு போட்டிருக்கே. யாரு பார்த்தா?"

"சாகுல் கூட இருந்தான். கேட்டுப் பாருங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். மைத்துனர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். நீ என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாய், இனிக் கவலையில்லை என்கிற மாதிரி. முதலாளி கேட்டார், "சொல்லு சாகுல். இவன் யோசனையா?"

"எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம் முதலாளி" என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. முதலாளி அந்தக் காகிதத்தை உன் பக்கம் தள்ளிவிட்டார். நீ அதை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாய்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம்தான். பர்வீன் அப்போது கைக்குழந்தை. ஆனால் பயம் மட்டும்தானா? அந்த இடம் எனக்கும் வேண்டியிருந்ததா? இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

உன்னை ஆபீஸிலிருந்து எடுத்து, கேட்டில் லாரி நம்பர் எழுதப் போட்டார்கள். நாலு மாதம் கழித்து சூப்பர்வைசர் வேலை எனக்கு வந்தது. நீ வந்து கையைப் பிடித்துக் குலுக்கினாய். "உனக்காவது கெடச்சுதேடா" என்றாய். அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

பிரவுசிங் சென்டருக்குப் போவதை நீ நிறுத்தவில்லை. வளர இடமில்லாத வேலையில் தங்காதீர்கள் என்று எதிலோ படித்தாய். ஒருநாள் கேட்டில் என்னை நிறுத்தி, "குவைத்ல உன் மச்சான் இருக்காருல்ல, ஸ்டோர் வேலை ஏதாவது இருந்தா கேளேன்" என்றாய். அன்றைக்கே போன் போட்டேன். ஆரோக்கியம், என் சொந்தக் காரியம் எதற்கும் நான் அப்படி ஓடியதில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் அரபு நாட்டில் இருக்கிறார்கள். போகாதவன் நான். உன்னை அனுப்பிவைத்தேன். நீ கண்முன்னால் இல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஸ்டோர் என்று சொல்லிக் கூட்டிப்போய் வெயிலில் இரும்பு அடுக்கவிட்டார்கள். நீ அதை எனக்கு ஒரு வரியில்தான் எழுதினாய். மிச்ச மெயில் முழுக்க அங்கே நீ படித்தவைதான். புது இடத்தில் நல்ல பெயர் எடுப்பது எப்படி என்று ஒன்று, நாற்பதில் புதுத் தொழில் கற்பது பற்றி ஒன்று. எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் சுருக்கி அனுப்பினாய். நான் எதற்கும் நாலு வார்த்தைக்கு மேல் பதில் போடவில்லை.

சிறுநீரகம் கெட்டுத் திரும்பி வந்தாய். தஞ்சாவூரில் டயாலிசிஸ் நடக்கும் நாட்களில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய். "சாகுல், நான் அன்னைக்கு அந்தப் பேப்பரக் குடுத்தது தப்பாடா?"

"இல்லடா" என்றேன்.

அப்புறம் நான் சொல்வதற்காகக் காத்திருந்தாய். அது எனக்குத் தெரிந்தது. நர்ஸ் வந்தார், குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் நீ இல்லை.

இப்போது என்ன நடந்தது என்று சொல்கிறேன். பர்வீன் என் பயோடேட்டாவை டைப் அடித்தாள். "அத்தா, வெள்ளத்துல நெல்லக் காப்பாத்தினீங்களே, அத மேல போடுவோம்" என்றாள். மில்லில் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அன்று மூட்டை தூக்கி, பிறகு சூப்பர்வைசர் ஆனவன் நான்தானே. வருஷா வருஷம் யாராவது சொல்லும்போது நான் மறுத்ததில்லை. பர்வீன் டைப் அடித்து முடித்து, அந்த வரியைக் கொட்டை எழுத்தாக்கி, "நல்லா இருக்குல்ல?" என்று காட்டினாள். உன் ஒன்பதாவது வரி என் பெயருக்குக் கீழே இருந்தது.

அழிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழித்துவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசுகிறாள், ஆனால் முன்பு மாதிரி இல்லை.

மறுநாள் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினேன். உன் மனைவி லூர்து அங்கே ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறது. மாடிப்படியில் உட்காரவைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தது. நான் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவருக்குத் தெரியும்ணே" என்றது. "முதலாளி ரூம்ல பதில் சொன்னப்ப சாகுல் என்னைப் பார்க்கவே இல்லன்னு ஒரே ஒரு தடவ சொன்னாரு. அப்புறம் அதப் பத்திப் பேசல."

"என்னை மன்னிச்சிரும்மா."

"நான் என்ன மன்னிக்கிறது. அவரு இருந்தப்ப வந்திருக்கணும்." டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அதுவாகவே சொன்னது. "எனக்கு எம் மக ஜெனியப் பத்தித்தான் கவலை. மெட்ராஸ்ல வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. பின்னால வந்ததெல்லாம் மேல போகுது. இவ வாயத் தொறந்து ஒண்ணு கேக்க மாட்டேங்குறா. கேட்டா, அப்பா கேட்டுத்தானேம்மா கெட்டாருங்குறா. அவரு செய்யாததச் செஞ்சதா எழுதிக் குடுத்து மாட்டிக்கிட்டாருன்னு யாரோ மில்லுக்காரங்க சொல்லியிருக்காங்க. அவ அத நம்புறா."

ஆரோக்கியம், உன் இடம் போனது, உடம்பு போனது. உன் பிள்ளை உன்னைப் பொய்யன் என்று நினைப்பதுமா என் ஒரு வாக்கியத்தில் கிடந்தது?

அங்கிருந்தே ஜெனிக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப சொல்றதால யாருக்கு என்ன அங்கிள்? நான் ஆபீஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். அவள் மேல் குறையில்லை.

புதுக் கம்பெனிக்காரர்கள் என்னையும் நேரில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வெள்ளத்துல ஸ்டாக்கக் காப்பாத்தினது நீங்கதான்னு இங்க சொல்றாங்களே, பயோடேட்டால காணோமே" என்றார் ஒருவர். "அது நான் இல்ல சார், ஆரோக்கியராஜ்னு ஒருத்தர். நான் மூட்ட தூக்கினேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உன் பெயரை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. மூன்று நாள் கழித்து நாலு பேரை வைத்துக்கொண்டதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் அதில் இல்லை. நான் உண்மையைச் சொன்னதால் அப்படி ஆனது என்று நினைத்துவிடாதே. அவர்களுக்கு அதைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் கட்டுரைகள் படிக்கிறேன். வேலை போனவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவனுக்குச் சாட்சி சொல்லாமல் விட்டவன் என்ன செய்ய வேண்டும் என்று தேடினேன். அதற்கு ஒன்றும் வரவில்லை.

லூர்து உன் பெட்டியிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்திருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை நான் பார்த்தேன், உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பது கையெழுத்து. சனிக்கிழமை மெட்ராஸுக்குப் போகிறேன். ஜெனி வரச் சொல்லவில்லை. அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் வாசலில் நிற்பேன். பார்க்க மாட்டேன் என்றால் அடுத்த சனிக்கிழமையும் போவேன். அவள் வாங்கிக் கிழித்துப் போட்டாலும் சரி, அவள் கையில் கொடுக்காமல் நான் சாக மாட்டேன். இது ஒன்றைத்தான் உனக்கு நான் சத்தியமாகச் சொல்ல முடியும்.

உன் சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை இழந்த,
சாகுல்