தொண்ணூற்றைந்தாம் சனலில் பதினேழு நாடுகள்

இன்று காலை விளையாட்டு மிசினின் அடப்டரைக் கையில் எடுத்தபோது, சூடேறிய பிளாஸ்ரிக்கும் தூசும் கலந்த அந்த மணம் வந்தது. நீர் பக்கத்தில் இருந்து தொண்டையைச் செருமுவது போலவே எனக்கு இருந்தது. கடைசியாக நீர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தீர். அதற்கான பதில் இப்போதுதான் என்னிடம் இருக்கிறது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரே கட்டிடத்தில்தான் இரண்டு பேரும் இருந்தோம். நீர் ஒன்பதாம் மாடியில் உம்முடைய மகள் வீட்டில், நான் நாலாம் மாடியில் என் மகள் வீட்டில். பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு கட்டிடத்தில் மிச்சம் கிடந்த சாமான்கள் நாங்கள். ஒருநாள் எலிவேற்றரில் கண்டு, "ஐசே, உமக்கு வேலை ஒண்டும் இல்லையெண்டால் மேலை வாரும், ஒரு நாட்டைப் பிடிப்பம்" என்றீர். உமக்குத் தலையில் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

உடுத்துப் பழசான சாரத்தில் சுற்றியிருந்த அந்த யப்பான் மிசினை ரங்குப்பெட்டியில் இருந்து எடுத்துக் காட்டினீர். எண்பதுகளில் நீர் எஞ்சின் அறையில் வேலை செய்த கப்பல், திருத்தத்துக்காக யப்பான் துறைமுகம் ஒன்றில் இரண்டு மாதம் கிடந்ததாம். அப்போது ஒரு பழஞ்சாமான் கடையில் வாங்கினீராம். ஊரில் கரண்ட் ஒத்துவரவில்லை. கனடாக் கரண்ட் ஒத்துவந்தது, ஆனால் படம் வரவில்லை. மூன்று நாள் ரிமோட்டை அமத்தி அமத்தி, ஒருவரும் பார்க்காத தொண்ணூற்றைந்தாம் சனலில் அதைப் பிடித்தீர். திரையில் ஒரு நீளத் தீவு, அதில் பதினேழு துண்டு. ஒரு துண்டுக்கு ஒரு பிரபு. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மிச்சம் பதினாறையும் பிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

எழுத்தெல்லாம் யப்பான் எழுத்து. உமக்குத் தமிழும் இங்கிலிசும் வாசிக்கத் தெரியும். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் நீர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தீர். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்.

"உதுக்கு முன்னாலை நீரும் நானும் ஒண்டுதான் ஐசே."

நாங்கள் ஒன்று இல்லை. எழுத்துத் தெரிந்த நீர் அதை வாசிக்கப் பார்த்தீர். நான் வாழ்நாளில் ஒரு எழுத்தையும் வாசிக்கப் பார்த்தவன் அல்ல. யாழ்ப்பாணத்துச் சந்தையில் லொறியில் இருந்து மூட்டை இறக்கிய முப்பது வருசமும், எந்தக் கடைக்கு எந்த மூட்டை என்று சாக்கில் இருந்த குறியைப் பார்த்தே சொன்னவன். திரையிலும் அப்படித்தான்: நாலு அறைப் பெட்டி மாதிரி இருந்தால் வயல். எட்டுக் கால் நட்சத்திரம் என்றால் நெல். அடியில் நாலு புள்ளி கிடந்தால் குதிரை. எதை அமத்தினால் எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்துப் பார்த்து நாற்பது குறிகளை மனதில் ஏற்றினேன்.

அதற்கு முதல் பட்ட பாடு உமக்கு ஞாபகம் இருக்கும். சேனைக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று ஒரே குறியை மூன்று கிழமையாக அமத்தினோம். எங்கள் நெல் குறையக் குறையப் பக்கத்து நாட்டுக்காரன் கொழுத்தான். ஒருநாள் நீர் நெற்றியில் அடித்தீர்.

"ஐசே, நாங்கள் மூண்டு கிழமையாய் எதிரிக்குச் சீதனம் அனுப்பியிருக்கிறம்."

"அப்ப பொம்பிளை எங்கை?" என்று கேட்டேன். நீர் சிரித்துச் சிரித்து இருமி, தண்ணீர் குடித்துத்தான் அடங்கினீர்.

கட்டளை என்னுடையது, சண்டை உம்முடையது. இரண்டு சேனை மோதினால் படம் மாறும். குதிரைக்காரனை நாங்களே கையால் ஓட்ட வேண்டும். எஞ்சினில் பழகிய உம்முடைய விரல் அதில் வித்தை காட்டும். ஒருமுறை நீர் குளியலறையில் இருந்த நேரம் நான் ஓட்டினேன். குதிரையோடு ஆற்றில் விழுந்தேன். நீர் வந்து பார்த்துவிட்டு, "மூட்டை தூக்கின கை உது. உமக்குச் சண்டை வராது. தொடாதையும்" என்றீர்.

அந்தப் பனிக்காலத்தில் பதினைந்து துண்டு எங்களுடையதாகிவிட்டது. மிச்சம் இரண்டு. அப்போதுதான் மிசினில் செருகுகிற விளையாட்டுக் கட்டைக்கு உள்ளே இருந்த சின்னப் பற்றறி சாகக் கிடந்தது. அது செத்தால் மிசினை நிப்பாட்டியவுடன் எல்லாம் அழிந்துபோகும். பிளாசாவில் திருத்துகிறவன் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதைக் குப்பையில் போடச் சொன்னான். நீர் போடவில்லை. "நிப்பாட்டினால்தானே அழியும். நிப்பாட்டாமல் விடுவம்" என்றீர். ரிவியை வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும், மிசின் மட்டும் சிவப்பு லைற்றோடு கீழே ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று ஏற்பாடு.

மூன்றாம் நாள் உமக்கு நெஞ்சு நொந்தது. அம்புலன்சில் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூக்கில் குழாயோடு இருந்த நீர் என் சுகம் கேட்கவில்லை.

"மிசின் ஓடுதோ?"

"ஓடுது."

"நிப்பாட்ட விடாதையும். ரண்டு ஊர்தானே, நான் வந்து அடிக்கிறன். எல்லாத்தையும் பிடிச்சால் கடைசியிலை என்ன வருமெண்டு எனக்குப் பாக்கோணும்."

"வாரும், பாப்பம்."

மூக்குக் குழாயை ஒருக்கால் சரிசெய்தீர். பிறகு, "நான் வராட்டில் நீர் பாத்துச் சொல்லும்" என்றீர். உம்மோடு பழகிய காலத்தில் நீர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

அதன்பிறகு ஆறு நாள், ரிவிக்கும் மிசினுக்கும் சேர்த்துக் கரண்ட் கொடுத்த அந்த ஒற்றைப் பிளக்குக்குக் காவல் இருந்தேன். காலையில் ஒன்பதாம் மாடிக்கு ஏறினால் எல்லோரும் படுக்கப் போகுமட்டும் கீழே இறங்குவதில்லை. பிளக்கைச் சுற்றிச் சேலைக் கிழிசல் கட்டினேன். உம்முடைய மகள் தூசு உறிஞ்சுகிற வக்குமோடு அந்தப் பக்கம் வந்தால் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். "அங்கிள், நீங்கள் மிசினைப் பாக்கிறியளோ, மிசின் உங்களைப் பாக்குதோ?" என்று பகிடி விட்டாள்.

ஆறாம் நாள் பின்னேரம் போன் வந்தது. உம்முடைய மருமகன் எடுத்தான். கேட்டபடியே சுவரோடு சாய்ந்தான். முகத்தைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. ரிவியில் ஏதோ சின்னப்பிள்ளைகள் படம், பெரிய சத்தத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. சாவு விழுந்த வீட்டில் ரிவி ஓடக் கூடாது. யாரும் சொல்லித் தந்து செய்கிற காரியமா அது? எழும்பினேன், குனிந்தேன், கிழிசல் கட்டிய பிளக்கை நானே சுவரில் இருந்து பிடுங்கினேன்.

சத்தம் நின்றது. கீழே சிவப்பு லைற்றும் அணைந்தது. அதைக் கண்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆறு நாளாக ஒருவரையும் தொட விடாதவன், என் கையாலேயே பதினைந்து நாட்டையும் அழித்துவிட்டேன். அங்கே அதைச் சொல்லி அழ முடியாது. உமக்காக அழுதவர்களோடு சேர்ந்து அழுதேன். எதற்கு எவ்வளவு அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, சாப்பாட்டுப் பந்தியும் கலைந்த பிறகு உம்முடைய மகளிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பா எண்டாலும் அந்த நேரம் உதைத்தான் செய்திருப்பார், அங்கிள். கொண்டுபோய் நீங்களே வைச்சிருங்கோ" என்று மிசினைச் சாரத்தோடு சேர்த்துத் தந்தாள்.

அடுத்த நாள் முதலில் இருந்து தொடங்கினேன். நாங்கள் எடுத்த அதே துண்டு. எந்தப் பருவத்தில் வயலைப் பெருக்கினோம், எந்தப் பிரபுவை முதலில் அடித்தோம், எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. சண்டைதான் வரவில்லை. முதல் பத்துச் சண்டையும் தோற்றேன். விரல் ஒரு பக்கம் போக, குதிரை மற்றப் பக்கம் போனது. அப்போது நீர் ஓட்டியதைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். சாக்குக் குறியைப் போல உம்முடைய விரலையும் நான் பார்த்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. இடது பெருவிரலை நீர் தூக்குவதில்லை. வைத்த இடத்திலேயே உருட்டுவீர். உருட்டிப் பார்த்தேன். குதிரை சொல் கேட்டது.

பதின்மூன்று துண்டு பிடித்திருந்தபோது கட்டிடத்துக் கரண்டே போனது. அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. நாடுகள் வரவில்லை. மகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, உது விளையாட்டுத்தானே. விடுங்கோவன்."

"அவர் கேட்டவர் பிள்ளை" என்றேன். மூன்றாம் முறை தொடங்கினேன்.

போன வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பதினேழாவது பிரபுவின் கோட்டைக் கதவை உடைத்தேன். கடைசியில் என்ன வரும் என்று கேட்டீரல்லவா, சொல்கிறேன், கேளும். முதலில் திரை கறுப்பாகிறது. மிசின் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். பிறகு கடல் வருகிறது. கரையில் குதிரைக்காரன் தனியே போகிறான். ஆளும் இல்லை, சேனையும் இல்லை. அவனுக்குப் பின்னால் மலை மெல்ல மெல்ல வெளிக்கிறது. அவன் ஓரிடத்தில் இறங்கி, குதிரையை அவிழ்த்து விடுகிறான். அது ஓடவில்லை, பக்கத்திலேயே நிற்கிறது. கீழே இருந்து எழுத்து ஏறத் தொடங்குகிறது. நிறைய எழுத்து. நெல் இரண்டு தரம் வந்தது, குதிரை ஒரு தரம். மற்றது ஒன்றும் நான் முன்பு கண்டதில்லை.

"கீழ் வீட்டுச் சீன அன்ரிக்கு உந்த எழுத்திலை கொஞ்சம் விளங்கும். கூப்பிடட்டோ?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். பிறந்த நாளில் இருந்து எனக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் வேறு யாரோதான் வாசித்தார்கள். நல்லதோ கெட்டதோ, வாசிக்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். இதை ஒருவரின் முகத்தையும் பாராமல், கடைசி எழுத்து மேலே போய் மறையுமட்டும் நானே பார்த்தேன். உமக்காகவும் பார்த்தேன்.

இப்போது என் இடது பெருவிரலில் ஒரு காய்ப்பு இருக்கிறது. நேற்று டொக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த வயசிலை என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டார். சண்டை என்றேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு கிழமை ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாகக் கரைந்துவிடும் என்றார்.

விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.