வலி என்று வரும் எல்லாம்

4 மார்ச் 2025, செவ்வாய்

ஒரகடம் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இன்றுதான் உருப்படியான வேலை ஒன்று கொடுத்தார்கள். முதலுதவி அறையில் நர்ஸ் பதிகிற குறிப்பெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாகக் கிடக்கிறது. அதிலிருந்து முதுகு வலிக்காரர்களை மட்டும் பிரித்துத் தரும் ஸ்டைல்ஷீட் என்கிற சின்ன நிரல் எழுத வேண்டும். எச்.ஆர். ரகுபதி சார், "பொண்ணுங்க நாள் பூரா நின்னுகினே வேலை செய்றாங்க, பாவம். லைன்ல சேர் போடலாம்னு ஒரு ஐடியாம்மா" என்றார். நல்ல மனுஷன்.

6 மார்ச், வியாழன்

"முதுகு வலி" என்று அச்சாக அப்படியே இருக்கிற பதிவைத் தேடினால் நாலைந்து பேர்தான் வருகிறார்கள். நர்ஸ் செங்கமலம் அக்கா ஒரு நாள் "இடுப்பு வலி" என்று எழுதுவார், ஒரு நாள் "கால் வலி, மாத்திரை கொடுத்தேன்" என்பார். அதனால் குறிப்பில் எங்காவது "வலி" இருந்தாலே எடுக்கும்படி மாற்றிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தது. பக்கம் பக்கமாக வந்த லிஸ்டை ரகுபதி சாரிடம் கொடுத்தேன். ஒருத்திக்கும் நாற்காலி கிடைக்காமல் போய்விடக் கூடாது இல்லையா?

21 மார்ச், வெள்ளி

என் ரூம்மேட் கனகலட்சுமிக்குக் கான்ட்ராக்ட் நீட்டிப்பு இல்லை. லைனிலிருந்து வந்ததும் பையை மூலையில் எறிந்தாள்.

"எனக்கு ஒடம்பு சரியில்லையாம்லா. நான் என்னைக்குட்டி லீவு போட்டேன்?"

அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. சூப்பர்வைசர் பாத்ரூமுக்கு விட மாட்டான். வயிற்று வலி என்று முதலுதவி அறைக்குப் போனால்தான் விடுவான். லைனில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போகிறார்கள். செங்கமலம் அக்காவும் அப்படியே பதிந்துவிடுவார்.

வயிற்று வலி. ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?

22 மார்ச், சனி

ரகுபதி சாரிடம் கேட்டேவிட்டேன். "சார், அந்த லிஸ்ட் சேர் போடத்தானே? தலைவலி, வயித்து வலியெல்லாம் வந்திருக்கு. எடுத்துடறேன்."

"எதுக்கும்மா? சீக்காளிங்களை வச்சுகினு இன்னா பண்றது? உன் ஃபில்டர் சூப்பர். மறைமலை நகர் பிளான்ட்லயும் கேக்கறாங்க."

சேர் பேச்சையே அவர் எடுக்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். தூ!

31 மார்ச், திங்கள்

கனகாவைச் செங்கல்பட்டில் பஸ் ஏற்றினேன். அந்த லிஸ்ட் என் வேலைதான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூடப் போனேன் — "நீயாவது இங்கன நல்லா இரு, கவியா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லவில்லை.

30 ஏப்ரல், புதன்

கேன்டீனில் செங்கமலம் அக்கா புலம்பினார். "என் ரூமுக்கு ஒருத்தியும் வர்றதில்லம்மா. பேர் பதிஞ்சா வேலை போயிடுமாம். பொண்ணுங்க தண்ணியே குடிக்காம நிக்குதுங்க."

மாதக் கடைசி என்பதால் சாயங்காலம் ஸ்டைல்ஷீட்டை ஓட்டினேன். ஒரு பதிவுகூட வரவில்லை. "ஒருத்தருக்கும் வலி இல்ல, பார்த்தியா!" என்று ரகுபதி சார் மேஜை மேஜையாக மைசூர்பாகு நீட்டினார்.

நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.